ஸ்கொட்லாந்துப் பொலிஸ் இலங்கைக்குப் பயிற்சி கொடுத்ததும் நிறுத்தியதும்: எது சரி?

கிளாஸ்கோ மழை எழுதியது:

போன வாரம் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. புகலிட வழக்கு. விவரம் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இடைவேளையில் அந்த ஸ்கொட்லாந்துப் பெண் சட்டத்தரணி என்னிடம் கேட்டார்: "உங்கள் நாட்டுப் பொலிஸுக்கு எங்கள் ஆட்கள்தானே பல வருடம் பயிற்சி கொடுத்தார்கள். ஏதாவது மாறியதா?" சற்று முன்புதான் ஒருவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிவிட்டு வெளியே போயிருந்தார். என்ன சொல்வது? தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் கேள்வி போகவில்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: ஸ்கொட்லாந்தில் கிங்கார்டின் ஊருக்குப் பக்கத்தில் டுலியாலன் என்று ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதுதான் இங்குள்ள பொலிஸ் கல்லூரி. போர் முடிந்த பிறகான ஆண்டுகளில் இலங்கைப் பொலிஸ் அதிகாரிகள் அங்கே வந்து படித்தார்கள். இங்கிருந்து பயிற்றுநர்கள் அங்கே போய் வந்தார்கள். சமூகப் பொலிஸ் சேவை, பெண்களுக்கு எதிரான வன்முறையை விசாரிப்பது, அதிகாரிகளின் தலைமைப் பண்பு என்று பாடங்கள். பணம் பிரித்தானிய அரசின் நிதியில் இருந்து வந்தது. மனித உரிமை அமைப்புகளும் இங்குள்ள தமிழர்களும் தொடர்ந்து எதிர்த்தார்கள். கடைசியில் 2021 நவம்பரில் ஸ்கொட்லாந்துப் பொலிஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றது. 2022 மார்ச்சோடு முடிந்தது.

அன்று நாங்கள் வெற்றி என்று கொண்டாடினோம். நானும்தான். இப்போது கேட்கிறேன்: பயிற்சி கொடுத்தது பிழையா, நிறுத்தியது சரியா? இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்று எனக்குப் படுகிறது.

---

வடமராட்சியான் எழுதியது:

அக்கா, பெரிய விசயம் எனக்குத் தெரியாது. என் கதையைச் சொல்கிறேன்.

என் சைக்கிள் களவு போனது. முறைப்பாடு கொடுக்கப் போனேன். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்காதீர்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் லீவில் என்றார்கள். நான் தமிழில் சொல்ல, ஒருவர் அரைகுறையாக விளங்கிக்கொண்டு சிங்களத்தில் எழுதினார். கீழே ஒப்பம் வை என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "நீ சொன்னதுதான்" என்றார். வைத்தேன். பொறுப்பதிகாரியின் கதிரைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வெளிநாட்டுப் பயிற்சிச் சான்றிதழ் தொங்கியது. நல்ல வழவழப்பான தாள்.

சைக்கிள் இன்னும் வரவில்லை.

---

நடுநிலை நாகலிங்கம் (ரொறன்ரோ) எழுதியது:

எல்லோரும் கல்லெறியப் போகிறீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பயிற்சியை நிறுத்தியதால் யாருக்கு என்ன நன்மை? ஒரு அடியாவது குறைந்ததா? எதிர்த்தவர்களுக்கு மனம் ஆறியது, அவ்வளவுதான். என் அக்காவின் மகள் கிளிநொச்சியில் குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களோடு வேலை செய்கிறாள். கணவனிடம் அடி வாங்கிய பெண்ணுக்கு ஐ.நா. தீர்மானம் உதவாது. அவள் இரவு பதினொரு மணிக்கு ஓடிப்போகக்கூடிய ஒரே இடம் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகம். அங்கே இருக்கும் பெண் பொலிஸ் அவளை உட்கார வைத்துப் பேசுகிறாளா, "வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக இரு" என்று திருப்பி அனுப்புகிறாளா என்பதுதான் அவளுக்குப் பொலிஸ் சீர்திருத்தம். அந்தப் பாடத்தை ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் அதிகாரி வந்து நடத்தினால் உங்களுக்கு என்ன நட்டம்?

இன்னொன்று. நீங்கள் விலகினால் அந்தக் கதிரை காலியாக இருக்காது. மனித உரிமை என்ற சொல்லையே வாயில் எடுக்காத நாடு ஒன்று வந்து உட்காரும்.

---

லோயர் மட்டுநகர் எழுதியது:

நாகலிங்கம் அண்ணை சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. மகளிர் பணியகம் பற்றி அவர் சொன்னது உண்மை. ஆனால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பொலிஸைப் பற்றிப் பேசுகிறோம். களவு, குடிவெறி, குடும்பச் சண்டை விசாரிக்கும் பொலிஸ் ஒன்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆளைப் பிடிக்கும் பொலிஸ் இன்னொன்று. சீருடை ஒன்றுதான், வேலை வேறு.

சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கோபப்படாமல் வாசியுங்கள், இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேக நபருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்கிறது. பிரித்தானியர் காலத்துப் பிரிவு. அடித்து வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே அப்போது தெரிந்திருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைக் கவிழ்த்துவிட்டது. அதன் 16ஆம் பிரிவுப்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன்னால் கொடுத்த ஒப்புதல் செல்லும். அது அடித்து வாங்கியது என்று சொன்னால், நிரூபிக்க வேண்டியது யார் தெரியுமா? அடி வாங்கியவர். மாதக்கணக்கில் தடுப்பில் இருந்து காயம் ஆறிய பிறகு, தனக்கு அடி விழுந்ததை அவரே நிரூபிக்க வேண்டும். முன்பு தடுப்புக் கட்டளையில் 18 மாதம் வரை வைத்திருக்கலாம். 2022 திருத்தத்தில் 12 மாதம் ஆக்கினார்கள்.

சிங்கராசா வழக்கு எங்கள் பக்கத்து வழக்கு. 1993இல் கைது. சிங்களத்தில் எழுதிய ஒப்புதல். அவருக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. ஒரு பொலிஸ் கான்ஸ்டபிளே மொழிபெயர்ப்பாளர். கீழே கைநாட்டு. அந்த ஒப்புதலை வைத்தே 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் இது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006இல் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழி செய்து இலங்கை ஒப்பமிட்டதே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. கதை முடிந்தது.

இப்போது ஸ்கொட்லாந்தில் இருந்து ஒரு நல்ல மனிதர் வந்து, அடிக்காமல் கேள்வி கேட்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு விசயம் விளங்காமல் இல்லை. நன்றாக விளங்குகிறது. ஆனால் அவர் மேசையில் 16ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு கைநாட்டில் வழக்கு முடியும் என்றால் கைரேகை, தொலைபேசிப் பதிவு, சாட்சி என்று அவர் ஏன் அலைய வேண்டும்?

வடமராட்சித் தம்பி, உங்கள் சைக்கிள் முறைப்பாட்டில் நீங்கள் வைத்த ஒப்பமும் அந்தக் கைநாட்டும் ஒரே குடும்பம்தான். எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் தமிழ் தெரிந்த அதிகாரி எந்த நேரமும் இருக்க வேண்டும் என்று அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. அதற்கு டுலியாலன் போகத் தேவையில்லை.

---

வடமராட்சியான் எழுதியது:

//ஒரே குடும்பம்தான்//

ஐயோ லோயர், இனி நித்திரை வராது.

---

தென்காசிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ்நாடு. படித்துக்கொண்டே இருந்தேன், 16ஆம் பிரிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15ஆம் பிரிவு அப்படியே இதுதான். எஸ்.பி. முன்னால் கொடுத்த வாக்குமூலம் செல்லும். ராஜீவ் கொலை வழக்கு அந்த வாக்குமூலங்களின் மேல் நின்றது. குண்டுக்கு பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013இல், அவர் சொன்னதில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதி அது. இருபத்திரண்டு வருடம் கழித்து! அந்த அதிகாரி பயிற்சி இல்லாதவர் என்று யாராவது சொல்வீர்களா?

எங்கள் ஊர்க் காவல் நிலையங்களில் கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் பெரிய போர்டில் எழுதி மாட்டியிருக்கும். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் போர்டுகள் இருந்த மாநிலத்தில்தான் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. போலீஸ் பிடித்துப் போன அப்பாவும் மகனும் செத்தார்கள். அங்கே சிசிடிவி இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். வழக்கை நிற்க வைத்தது என்ன? அந்த மாஜிஸ்திரேட் நேராக ஸ்டேஷனுக்குள் போனதும், ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்து நடுங்கியபடியே வாயைத் திறந்ததும்.

அதனால் எனக்கு வெளிநாட்டுப் பயிற்சி, உள்நாட்டுப் பயிற்சி எல்லாம் ஒன்றுதான். ஸ்டேஷன் கதவைத் தட்டி உள்ளே வர யாருக்கு அதிகாரம் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

---

வன்னிப்புயல்77 எழுதியது:

பொலிஸுக்கு வக்காலத்து வாங்கும் நாகலிங்கம் எவ்வளவு வாங்கினார் என்று கேளுங்கள்!!!

---

மட்டுறுத்துநர்:

வன்னிப்புயல், இது இரண்டாவது தடவை. கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம். அடுத்த பதிவு நீக்கப்படும்.

---

பழைய பேப்பர் (லண்டன்) எழுதியது:

நீங்கள் எல்லாரும் போர் முடிந்த பிறகிலிருந்து தொடங்குகிறீர்கள். எனக்கு வயது எழுபதுக்கு மேல். நான் 1984இல் இருந்து தொடங்குவேன்.

விசேட அதிரடிப்படையை, எஸ்.ரி.எவ். என்றால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும், யார் பழக்கினார்கள்? கே.எம்.எஸ். என்ற பிரித்தானியக் கம்பெனி. கீனி மீனி சேர்விசஸ் என்று முழுப் பெயர். பெயரைக் கேட்டால் பிள்ளைகள் கடை மாதிரி இருக்கும். பிரித்தானிய இராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். விசேட படையில் இருந்து வெளியே வந்தவர்கள் நடத்திய கூலிப்படை அது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் பயிற்சி முகாம். லண்டன் என்ன சொன்னது? இது தனியார் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை.

எஸ்.ரி.எவ். என்பது இராணுவம் இல்லை, கவனியுங்கள். அது பொலிஸின் ஒரு பிரிவு. கிழக்கில் அதை இறக்கினார்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த படுகொலையை மட்டக்களப்பார் யாரும் மறக்கவில்லை. நான் அப்போது அங்கேதான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் இரண்டு வாங்கில் காலியாகின. அவ்வளவுதான் எழுத முடியும்.

2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரை. ஐந்து மாணவர் கொல்லப்பட்டார்கள். எஸ்.ரி.எவ். காரர் உட்பட 13 பேர் மேல் வழக்குப் போனது. 2019இல் போதிய சாட்சியம் இல்லை என்று எல்லாரையும் விடுவித்தார்கள். கே.எம்.எஸ். மேல் லண்டன் மெற்றோபொலிற்றன் பொலிஸ் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது 2020இல். முப்பத்தைந்து வருடம் கழித்து.

ஆகவே "பயிற்சியால் ஒன்றும் மாறாது" என்று யாரும் சொல்லாதீர்கள். சுடப் பழக்கினார்கள், நன்றாகப் பழகினார்கள். அந்தப் பயிற்சி வேலை செய்தது.

---

கிளாஸ்கோ மழை எழுதியது:

பழைய பேப்பர் ஐயா, உங்கள் கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன்.

---

ரைன்கரை (ஜெர்மனி) எழுதியது:

நான் இருக்கும் நாட்டுக் கதை ஒன்று. இலங்கை இல்லை, ஆப்கானிஸ்தான். ஆனால் பொருந்தும்.

2002இல் ஆப்கான் பொலிஸைக் கட்டியெழுப்பும் பொறுப்பை ஜெர்மனி எடுத்தது. ஜெர்மன்காரர் எதையும் முறையாகச் செய்வார்கள், தெரியும்தானே. காபூல் பொலிஸ் அகடமியில் அதிகாரிகளுக்கு மூன்று வருடப் படிப்பு. அமெரிக்கர் பார்த்தார்கள், இது எப்போது முடிவது என்று. அவர்கள் வந்து சாதாரணப் பொலிஸ்காரருக்கு எட்டு வாரத்தில் பயிற்சி முடித்து, துவக்கைக் கையில் கொடுத்து வீதிக்கு அனுப்பினார்கள். 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்குக்கு ஒரு பொலிஸ் தூதுக்குழுவோடு வந்தது, 2016 வரை இருந்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் குற்றம் விசாரிக்கும் பொலிஸ் வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்குத் தலிபானோடு சண்டை பிடிக்க இன்னொரு காலாட்படை தேவைப்பட்டது. பல பொலிஸ்காரருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, முறைப்பாட்டைக்கூடப் பதிய முடியாது.

இவ்வளவு பேர் பயிற்சி கொடுத்த நாட்டில், கந்தகார் பொலிஸ் தடுப்பில் இருந்தவர்களை ஐ.நா. பேட்டி கண்டபோது 91 சதவீதம் பேர் தங்களுக்குச் சித்திரவதை நடந்ததாகச் சொன்னார்கள். 2017 அறிக்கை. அந்த மாகாணத்துப் பொலிஸ் தலைவர் அப்துல் ராசிக் மேற்கு நாட்டுத் தளபதிகளோடு தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். தலிபானை அடக்குகிறார், அது போதும் என்று இருந்தார்கள்.

கொஞ்சமாவது உறைத்தது எப்போது என்றால், 2011இல் நேட்டோ தலைமையிலான படை, அடிக்கும் தடுப்பு நிலையங்களுக்குக் கைதிகளை ஒப்படைப்பதை நிறுத்தியபோது. அதுவும் தற்காலிகம். 2013 ஐ.நா. அறிக்கை வந்தபோது அடி தொடர்ந்துகொண்டுதான் இருந்தது.

நாகலிங்கம் அண்ணை சொன்ன "காலிக் கதிரை" பயம் காபூலிலும் எல்லாருக்கும் இருந்தது. விட்டுவிட்டுப் போனால் தலிபான் வரும் என்றார்கள். இருபது வருடம் கதிரையில் இருந்தும் தலிபான்தானே வந்தது?

---

நடுநிலை நாகலிங்கம் எழுதியது:

வன்னிப்புயலுக்குப் பதில் இல்லை. ஒரு சதம் வந்திருந்தால் பனிக்காலத்தில் இந்த வயதில் இரவு வேலை பார்ப்பேனா?

ரைன்கரை, ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கையில் 2009இல் முடிந்துவிட்டது. அந்த உதாரணம் எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை.

லோயர் சொன்ன 16ஆம் பிரிவை ஏற்கிறேன். அதற்கு என் பதில்: சட்டம் மாறட்டும், பயிற்சியும் நடக்கட்டும். ஏன் ஒன்றுக்காக மற்றது நிற்க வேண்டும்? உள்ளே இருந்தால்தானே "இந்தப் பிரிவை எடு" என்று சொல்ல முடியும்?

---

லோயர் மட்டுநகர் எழுதியது:

//உள்ளே இருந்தால்தானே சொல்ல முடியும்//

அண்ணை, உள்ளே இருந்தவர்கள் அதைச் சொல்லி ஏதும் நடந்ததாக நான் காணவில்லை. 2022 திருத்தம் ஏன் வந்தது? 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்காவிட்டால் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையைத் திரும்பப் பெறுவது பற்றி யோசியுங்கள் என்று ஐரோப்பிய ஆணைக்குழுவைக் கேட்டது. ஆடை ஏற்றுமதிக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த மார்ச்சில் திருத்தம். 16ஆம் பிரிவை அப்போதும் தொடவில்லை, அது வேறு கதை. ஆனால் அரசை அசைத்தது வகுப்பறை இல்லை, தைத்த உடுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சித்திரவதைக்கு எதிராக இலங்கையில் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். குறைந்தது ஏழு வருடம், கூடியது பத்து வருடம். நல்ல சட்டம். இதுவரை தண்டனை பெற்ற அதிகாரிகளை எண்ணக் கைவிரல்களுக்கு மேல் அதிகம் தேவைப்படாது. 2016இல் வந்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ், சாதாரணக் குற்ற விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாக நடக்கிறது என்று எழுதினார். கவனியுங்கள், சாதாரணக் குற்றம். தேங்காய்க் களவுக்கும் அடிதான். சிங்களவருக்கும் அடிதான்.

---

தென்காசிக்காரன் எழுதியது:

லோயர் சார், ஒரு சந்தேகம். தண்டனை இல்லை, சரி. பதவி உயர்வாவது நிற்குமா?

---

லோயர் மட்டுநகர் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள். தேசபந்து தென்னக்கோன் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

2010இல் தடுப்பில் இருந்த ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில், தென்னக்கோனும் வேறு அதிகாரிகளும் பொறுப்பு என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளுக்கு ஐந்து இலட்சம் ரூபா நட்டஈடு, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவும் உத்தரவு. அப்போது அவர் பதில் பொலிஸ்மா அதிபர். இரண்டு மாதம் கழித்து, 2024 பெப்ரவரியில் என்ன செய்தார்கள்? நிரந்தரப் பொலிஸ்மா அதிபர் ஆக்கினார்கள். நாட்டின் முழுப் பொலிஸுக்கும் தலைவர். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. அதுவும் பெரும்பாலும் வெலிகமவில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் பொலிஸும் பொலிஸும் சுட்டுக்கொண்டு ஒரு பொலிஸ்காரர் செத்த விவகாரத்தால்.

ஆகவே கான்ஸ்டபிள் ஒருவர் தன் கண்ணால் பார்த்த பாடம் இது: சித்திரவதைக்குப் பொறுப்பு என்று நாட்டின் உச்ச இடத்தில் தீர்ப்பு வந்தாலும் மேலே போகலாம். டுலியாலனில் எத்தனை வாரம் வகுப்பு எடுத்தால் இதை அழிக்கலாம்?

---

வடமராட்சியான் எழுதியது:

ஸ்கொட்லாந்துப் பொலிஸ் மட்டும் என்ன திறமா? மச்சான் ஒருவன் அங்கே இருக்கிறான், அவன் சொல்லும் கதைகள் வேறு மாதிரி.

---

கிளாஸ்கோ மழை எழுதியது:

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு நாளாக வேலை முடிந்து வந்து இதைத்தான் தேடி வாசித்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறம் இல்லை. 2015 மே மாதம் கேர்க்கால்டியில் ஒரு கறுப்பின இளைஞரைப் பொலிஸார் வீதியில் அமுக்கிப் பிடித்த பிறகு அவர் உயிர் போனது. டுலியாலன் இருக்கும் அதே ஃபைஃப் பகுதிதான். அதற்குப் பகிரங்க விசாரணை வைத்தார்கள். 2023 மே மாதம் அப்போதைய பொலிஸ் தலைவர் இயன் லிவிங்ஸ்டன், எங்கள் நிறுவனத்துக்குள் இனவாதம் ஊறியிருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எந்த நாட்டில் பொலிஸ் தலைவர் இப்படிச் சொல்வார் என்று சிலர் மெச்சினார்கள். இறந்தவரின் குடும்பம் எட்டு வருடம் கத்திய பிறகு வந்த வார்த்தை அது.

ஆனால் எனக்கு உறைத்தது வேறொன்று. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், 2010 வரை ஸ்கொட்லாந்தில் ஒருவரைப் பிடித்தால் சட்டத்தரணி இல்லாமலே ஆறு மணி நேரம் வைத்து விசாரிக்கலாம். இங்கிலாந்தில் அந்த உரிமை 1980களிலேயே வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் இல்லை. எங்கள் பொலிஸ் நல்லது, எங்கள் சட்டத்தில் ஒப்புதல் மட்டும் போதாது, வேறு சாட்சியமும் வேண்டும், ஆகவே ஆபத்து இல்லை என்று இங்குள்ள நீதிபதிகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு துருக்கியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008இல் தீர்ப்புக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு கெடர் என்ற கிளாஸ்கோ இளைஞரின் வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஒக்டோபர் 26இல் தீர்ப்பு: சட்டத்தரணி இல்லாமல் எடுத்த வாக்குமூலம் செல்லாது. அடுத்த நாளே சட்டம் மாற்ற ஓடினார்கள். ஏராளமான வழக்குகள் கைவிடப்பட்டன.

விளங்குகிறதா? ஸ்கொட்லாந்துப் பொலிஸ் மனித உரிமையைக் கற்றுக்கொண்டது டுலியாலன் வகுப்பறையில் இல்லை. ஒரு நீதிமன்றம் "உன் வாக்குமூலம் குப்பைக்கூடைக்கு" என்று சொன்ன பிறகுதான் கற்றுக்கொண்டார்கள். வாக்குமூலம் பயன்படாது என்றானதும் வேறு சாட்சியம் தேடப் பழகினார்கள். சரி. இப்படி அடிபட்டுக் கற்றவர்கள் இலங்கைக்குப் போனபோது எதைக் கொண்டுபோனார்கள்? கடைசியில் வந்த பழக்கத்தை மட்டும். அந்தப் பழக்கத்தைத் தங்களிடம் திணித்த நீதிமன்றத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோக முடியவில்லை.

நாகலிங்கம் அண்ணை, உங்கள் அக்கா மகள் சொல்வது எனக்கு முக்கியம். அடி வாங்கிய அந்தப் பெண்ணுக்கு அந்த மகளிர் பணியகம் வேண்டும். அதற்கு ஸ்கொட்லாந்துக்காரர் உதவியிருந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த உதவி ஐ.நா. அறிக்கைகளில் எப்படி மாறுகிறது பாருங்கள். இலங்கை அரசு சித்திரவதைக்கு எதிரான குழுவுக்கு அறிக்கை கொடுக்கும்போது பயிற்சிகளின் பட்டியலை அடுக்கும். தண்டனைகள் எங்கே என்று கேட்டால் பயிற்சியைக் காட்டுவார்கள். மகளிர் பணியகத்துக்குக் கொடுத்த பாடம், கொழும்புப் பொலிஸின் நாலாம் மாடியில் நடக்கும் விசாரணைக்கு மறைப்பாகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் ஃப்ரீடம் ஃபுரோம் டோச்சர் அமைப்பு, போர் முடிந்த பிறகு இலங்கையில் நடந்த 148 சித்திரவதைகளை மருத்துவச் சான்றோடு 2015இல் வெளியிட்டது. பயிற்சி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். ஒரே அரசின் ஒரு கை பயிற்சிக்குப் பணம் கொடுத்தது, இன்னொரு கை அதே நாட்டிலிருந்து ஓடிவந்தவர்களின் தழும்பு உண்மையா பொய்யா என்று விசாரித்தது. நடுவில் இருந்து மொழிபெயர்ப்பது என்னைப் போன்றவர்கள்.

---

நடுநிலை நாகலிங்கம் எழுதியது:

நாலாம் மாடி வரி என்னைக் குத்தியது. சரி, ஏற்கிறேன்: நிபந்தனை இல்லாத பயிற்சி வேண்டாம். ஆனால் நிறுத்தியதைக் கொண்டாடுவதும் எனக்கு ஒப்பவில்லை. நிபந்தனை போட்டிருக்கலாம். யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

---

லோயர் மட்டுநகர் எழுதியது:

அமெரிக்காவில் 1997இல் செனட்டர் லீஹி கொண்டுவந்த விதி இருக்கிறது. கடுமையான மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவியும் பயிற்சியும் இல்லை. ஓட்டை நிறைய உண்டு, ஆனாலும் எந்தப் பிரிவு என்று பெயர் பார்க்கிறார்கள். பிரித்தானியா 2011இல் தன் வெளிநாட்டுப் பாதுகாப்பு உதவிகளுக்கு மனித உரிமை மதிப்பீட்டு வழிகாட்டி கொண்டுவந்தது. அந்த மதிப்பீடுகளைப் பொதுவாக வெளியிடுவதில்லை. நாகலிங்கம் அண்ணை கேட்கும் நிபந்தனை ஏதாவது இருந்ததா இல்லையா என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.

---

கிளாஸ்கோ மழை எழுதியது:

அப்படியென்றால் கேட்டுப் பார்ப்போமே. ஸ்கொட்லாந்தில் 2002ஆம் ஆண்டுத் தகவல் சட்டம் இருக்கிறது, 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "இலங்கைப் பொலிஸ் அதிகாரிகள் எத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, செலவு எவ்வளவு, மனித உரிமை மதிப்பீடு செய்யப்பட்டதா?"

---

லோயர் மட்டுநகர் எழுதியது:

எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எண் கொடுப்பார்கள், அதை நாமும் பெருமையாகப் பகிர்வோம். எந்தப் பிரிவில் இருந்து வந்தார்கள், வருவதற்கு முன் அவர்கள் மேல் முறைப்பாடு இருக்கிறதா என்று யார் பார்த்தது, திரும்பிப் போன பிறகு எந்தப் பதவியில் போட்டார்கள் என்று கேளுங்கள். எஸ்.ரி.எவ். காரர் யாராவது வந்தார்களா என்பதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள். தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பார்கள், அதனால் பெயர் வேண்டாம், பிரிவு மட்டும் போதும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

---

பழைய பேப்பர் (லண்டன்) எழுதியது:

ஆங்கிலம் நான் சரிபார்த்துத் தருகிறேன். தனிமடலில் அனுப்புங்கள் பிள்ளை.

---

கிளாஸ்கோ மழை எழுதியது:

இன்றிரவு அனுப்புகிறேன் ஐயா. திங்கட்கிழமை போட்டுவிடலாம்.

---

வடமராட்சியான் எழுதியது:

20 வேலை நாளா? அக்கா, பதில் வந்தால் கட்டாயம் இங்கே போடுங்கள். என் சைக்கிள் முறைப்பாட்டுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது.